விரிசலுக்குக் கண்ணாடி ஒட்டுகிறவர்

கதவைத் திறந்து மூடுகிறார். மறுபடியும் திறந்து மூடுகிறார். மூன்றாவது தடவை பாதியில் நிறுத்தி, கதவின் மேல்விளிம்பு நிலையில் எந்த இடத்தில் உரசுகிறது என்று தலையைச் சாய்த்துப் பார்க்கிறார். வீட்டுக்காரர் பின்னால் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்கிறார்.

"மழைக்கு மரம் ஊதியிருக்குண்ணே, வேற ஒண்ணுமில்ல."

"மழை பெஞ்சு நாலு மாசம் ஆச்சு," என்கிறார் இவர், கதவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

  இவர் நோட்டை எடுத்து எழுதுவார். பிறகு ஆபீசுக்கு வந்து என்னிடம் மட்டும் சொல்வார்: "கதவு பாவம், வெகுளி. கேட்டதும் சொல்லிடும். சுவருதான் கல்லுளிமங்கன். விழுற அன்னைக்குத்தான் வாயத் திறக்கும்."

நகராட்சியில் அவருக்குக் கட்டடக் கண்காணிப்பாளர், இரண்டாம் நிலை என்று ஒரு பதவிப்பெயர் உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதை நான் பார்த்ததில்லை. பழைய கடைவீதியில் அவர் கண்ணாடிக்காரர். காரணம் சொல்கிறேன். எங்கள் ஊருக்கு அடியில் முக்கால் பங்கு வெற்றிடம். எண்பது வருடம் நிலக்கரி தோண்டினார்கள். தோண்டி முடித்ததும் மேலே மூடியைப் போட்டுவிட்டுப் போனார்கள். மேலே நாங்கள் குடியிருக்கிறோம். அடியிலுள்ள மரத்தூண்கள் இற்றுப் போகப் போக நிலம் மெல்ல உட்காருகிறது. நிலம் உட்கார்ந்தால் அதன்மேல் இருக்கிற சுவர் விரிசல் விடுகிறது. அந்த விரிசலுக்குக் குறுக்கே ஒரு சாண் நீளம், இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, இருமுனையிலும் சாந்து பூசி ஒட்டிவிட்டு வருவார். ஒட்டிய தேதியை ஆணியால் அதன் மேல் கீறுவார். விரிசல் சும்மா இருந்தால் கண்ணாடியும் சும்மா இருக்கும். சுவர் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். அளக்கிற கருவி வாங்கித் தரக் கேட்டு நகராட்சிக்கு அவர் எழுதிய கடிதத்துக்கு வயது பதினொன்று.

அவருடைய துணிப்பை ஒரு தனி உலகம். உள்ளே வரிசையாகக் கண்ணாடித் துண்டுகள் செருக அறைகள் தைத்திருக்கும், துண்டோடு துண்டு உரசாமல். பக்கத்துப் பையில் தூக்குக்குண்டு, சாந்து டப்பா, கைக்கரண்டி, ஆணி. முன்பையில் ஒரே ஒரு கோலிக்குண்டு. எந்த வீட்டுக்குள் போனாலும் அதை அறையின் நடுவில் வைத்துவிட்டுக் கையை எடுப்பார். கோலி நின்றால் நல்லது. உருண்டால் எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்று நோட்டில் ஏறும். இந்தப் பழக்கம் வேலை நேரத்தோடு நிற்பதில்லை என்பதுதான் தொல்லை. எங்கள் கணக்குப்பிரிவு ஆள் புதுவீடு கட்டி எல்லோரையும் கூப்பிட்டார். இவர் வாழ்த்துச் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் கோலியைத் தரையில் வைத்துவிட்டார். அது நேரே சமையலறைக்குப் போய்விட்டது. கணக்குப்பிரிவு ஆள் இவரோடு ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "நான் என்னம்மா பண்ணேன்? நானா உருட்டினேன்?" என்று என்னிடம் வந்து கேட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

தெருவில் நடக்கும்போது நட்டநடு ரோட்டில்தான் நடப்பார். கடைவீதியில் இரண்டு பக்கமும் சுரங்கக் கம்பெனி காலத்து மூன்றடுக்குக் கட்டடங்கள். வளைவு வளைவாக ஜன்னல்கள், தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கல் பால்கனிகள். பார்க்க அழகுதான். இடிக்கக் கூடாது, புராதனம் என்று ஒரு துறை சொல்கிறது. குடியிருக்கக் கூடாது, ஆபத்து என்று இன்னொரு துறை சொல்கிறது. இவர் எந்தத் துறை பேச்சையும் கேட்காமல் பால்கனிகளுக்குத் தள்ளியே நடப்பார். சைக்கிள்காரன் மணி அடித்தால் ஒதுங்கமாட்டார். "திட்டு வாங்கினா காதோட போகும். கல்லு வாங்கினா?" என்பார்.

நான் யார் என்று சொல்லவில்லையே. நகராட்சியில் தட்டச்சு வேலை. வெள்ளிக்கிழமைதோறும் 'பாதுகாப்பற்ற பழைய கட்டடங்கள், நிலத்தாழ்வு: இவ்வார நிலவரம்' என்று ஒரு அறிவிப்பு வெளிவருகிறது அல்லவா, அதை அடிப்பவள் நான்தான். இவர் வியாழன் மாலை நோட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைப்பார். நான் கதவு எண்ணைப் போட்டு எதிரே அடிப்பேன்: மாற்றம் இல்லை. மாற்றம் இல்லை. உடைந்தது. மாற்றம் இல்லை. ஒரு மாதத்துக்குள் இரண்டு தடவை உடைந்தால் அந்தக் கட்டடம் கண்காணிப்பு வரிசையிலிருந்து வெளியேற்ற வரிசைக்குப் போய்விடும். இவர் போய்ச் சிவப்பு அறிவிப்பை ஒட்டுவார். இரண்டு நாளில் காலி செய்ய வேண்டும், அப்புறம் பலகை அடித்து மூடிவிடுவார்கள். ஆறு வருடமாக அடிக்கிறேன். விரல்களுக்கு மனப்பாடம். மாற்றம் இல்லை என்று அடிப்பதற்கு நான் விழித்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

கடைவீதி மக்கள் அவரைக் கண்டால் ஓடி ஒளியமாட்டார்கள், நேர்மாறாக விழுந்து விழுந்து உபசரிப்பார்கள். நாற்காலி வரும், டீ வரும். "பாத்து நல்லதா ஒண்ணு எழுதிட்டுப் போங்கண்ணே," என்பார்கள், ஜோசியக்காரரிடம் கேட்கிற மாதிரி. டீயைக் குடிப்பார், உள்ளதைத்தான் எழுதுவார். டீ கொடுத்தவர்களே பிறகு வாயில் வந்தபடி ஏசுவார்கள். அதையும் நடுரோட்டில் நின்று முழுதாகக் கேட்டுக்கொள்வார். "அவங்க கோபம் என் மேல இல்லம்மா. தரையைத் திட்ட முடியாதுல்ல, அதான்." இப்படிச் சொல்லிவிட்டு என் மேசையோரம் உட்கார்ந்து இரண்டு கண்ணையும் உள்ளங்கையால் அழுத்திக்கொள்வார். எழுந்திருக்க ரொம்ப நேரம் ஆகும். ஓய்வு பெற இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது. மனைவி போய்ச் சேர்ந்து வருடமாகிறது, பிள்ளைகள் கிடையாது. இருப்பது நகராட்சிக் குடியிருப்பு. ஓய்வு பெற்ற மறுமாதம் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.

"எங்கண்ணே போவீங்க?"

"அக்கா வீட்டுக்குத்தான். மாடியில ஒரு ரூம் சும்மா கெடக்கு."

அந்த அக்கா கடைவீதி பதினேழாம் எண்ணில் தையற்கடை வைத்திருக்கிறவர். கீழே கடை, மேலே வீடு. தாய் சீக்கிரம் போய்விட்டதால் தம்பியை வளர்த்தது அவர்தான். சோறு ஊட்டியது, தலை வாரியது, கையைப் பிடித்து எழுத்து சொல்லிக் கொடுத்தது எல்லாம் அக்கா. கண்ணாடி அறைகள் வைத்த அந்தத் துணிப்பையும் அக்கா தைத்ததுதான். நைந்துபோக நைந்துபோக, இது நாலாவது பை. முப்பது வருடமாகத் தம்பி சாந்து குழைப்பதையும் கண்ணாடி வெட்டுவதையும் பக்கத்திலிருந்து பார்த்தவர். பொறியாளருக்குத் தெரியாத சங்கதியெல்லாம் அவருக்குத் தெரியும்.

போன மாதம் பதினைந்தாம் எண் காலியானது. அடுத்த வாரம் பத்தொன்பது. இரண்டுக்கும் நடுவில் பதினேழு மட்டும் ஏழு வாரமாக மாற்றம் இல்லை, மாற்றம் இல்லை என்று வந்துகொண்டிருந்தது. போன வெள்ளிக்கிழமை எனக்கே தூக்கம் கலைந்து கேட்டேன்.

"அண்ணே, ரெண்டு பக்கமும் உடையுது. பதினேழு மட்டும் அசையாம நிக்குதே?"

"நிக்கும்மா. ஒண்ணு ரெண்டு அப்படி நிக்கும்."

நோட்டை என் கையிலிருந்து வாங்கி மூடிக்கொண்டார். எனக்கும் அதற்கு மேல் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

இந்த மாதம் பொறியாளர் புதிதாக ஒரு உத்தரவு போட்டார்: இனி நிலவரத்தோடு படமும் வெளியிட வேண்டும். இவருடைய போனில் பொத்தானைத் தவிர வேறொன்றும் கிடையாது. ஆகவே வியாழக்கிழமை நான் என் போனோடு அவர் பின்னால் போனேன். வெயில் ஏறுவதற்குள் ஒன்பது வீடு முடிந்தது. வீட்டுக்கு வீடு கதவு மூன்று தடவை, கண்ணாடி, கோலி, நோட்டு. நான் படம் எடுத்தேன். எனக்கு முழங்கால் வலித்தது. இவர் இதை முப்பது வருடமாகச் செய்கிறார் என்று நினைத்தபோது வலி கொஞ்சம் வெட்கப்பட்டது.

பதினேழுக்குப் போனோம். அக்கா மெஷினை நிறுத்தவில்லை. பள்ளிக்கூடச் சீருடை, நீலத் துணி, மலையாகக் கிடந்தது.

"வாம்மா, உக்காரு. இவன் ஆபீஸ் ஆளா நீ? இவனுக்குச் சாப்பிட நேரம் ஒதுக்கிக் கொடுக்கச் சொல்லு உங்க ஆபீஸ்ல. எலும்பா இருக்கான்." தம்பியைப் பார்த்து, "பாத்துட்டுப் போடா. அங்கயேதான் இருக்கு. எங்கயும் ஓடிப் போகல."

விரிசல் மெஷினுக்குப் பின்சுவரில், தரையிலிருந்து கூரைவரை போயிருந்தது. கண்ணாடி கச்சிதமாக ஒட்டியிருந்தது. கீறிய தேதி ஏழு வாரத்துக்கு முந்தையது, எழுத்து இவருடையதேதான். நான் படம் எடுத்தேன். இவர் வழக்கம்போல ஆள்காட்டி விரலால் கண்ணாடியின் விளிம்பைத் தடவினார். கையை எடுத்தார். நோட்டில் எழுதப் போனார்.

"கோலி போடலையாண்ணே?" என்று கேட்டேன்.

சத்தியமாக ஒன்றும் மனதில் வைத்துக் கேட்கவில்லை. ஒன்பது வீட்டில் வைத்தாரே, இங்கே மறந்துவிட்டாரே என்றுதான். அவர் என்னைப் பார்த்தார். பிறகுதான் நோட்டை எட்டிப் பார்த்தேன். பதினேழாம் எண் பக்கத்தில் கோலி என்ற கட்டம் ஆறு வாரமாகக் காலி.

முன்பையிலிருந்து கோலியை எடுத்துத் தரையில் வைத்தார். விரலை எடுத்ததுதான் தெரியும். மெஷினுக்கு அடியில் புகுந்து, துணிமலையைச் சுற்றிக்கொண்டு போய், பின்சுவரில் டக்கென்று மோதி நின்றது. பெடலில் இருந்த அக்காவின் கால் நின்றுவிட்டது.

 அவர் கோலியை எடுக்கப் போகவில்லை. எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அவர்களுடைய அப்பாவின் படம், தலையில் விளக்கு வைத்த தொப்பியோடு, இந்தத் தெருவுக்கு அடியில் கரி வெட்டிய காலத்தில் எடுத்தது. சட்டம் இருந்தது. படம் இருந்தது. படத்தின் ஒரு மூலை சுருண்டு வெளியே வந்திருந்தது. முன்னால் கண்ணாடி இல்லை.

"அப்பா கண்ணாடியில எத்தன தேறிச்சுக்கா?" என்று கேட்டார். குரலில் கோபமில்லை. விலை விசாரிக்கிற குரல்.

அக்கா மறைக்கவில்லை. "எட்டு வெட்டினேன். ரெண்டு வெட்டறப்பவே போயிடுச்சு. மிச்சம் பூரா சுவத்துக்கே ஆச்சு."

"அப்ப ஆறு தடவை உடைஞ்சிருக்கு."

"உடைஞ்சா என்ன? மாத்திட்டேன்ல. சாந்துல தேயிலைத் தண்ணி தடவினேன், பழசு மாதிரி தெரியட்டும்னு. உன்னோட பழைய வெட்டுக்கத்தி இங்கதான் கெடந்துச்சு. உன் எழுத்து என்கிட்ட கத்துக்கிட்டதுதானே, எழுத எனக்கென்ன கஷ்டம்?" சொல்லிவிட்டுத் துணியின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "ரெண்டு மாசம்டா. நீ மூட்டையைக் கட்டிட்டு வரணும்ல. இதையும் மூடிட்டா நீ எங்க போவ, நான் எங்க போவேன்?"

 இவர் என் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"முதல் தடவை மாத்தினப்பவே எனக்குத் தெரியும்மா. நம்ம கண்ணாடி பழைய ஜன்னல் கண்ணாடி, தடியா இருக்கும். இது மெலிசு. விரல் வச்சதும் தெரிஞ்சுபோச்சு. ஏதோ லாரி போன அதிர்வுல ஒண்ணு உடைஞ்சிருக்கும், அக்கா பயந்துபோய் மாத்தியிருக்குன்னு நெனச்சேன். அப்புறம் அடுத்த வாரமும். அப்புறம் நெனைக்கறதையே விட்டுட்டேன். படத்துப் பக்கம் பாக்காம போயிட்டு வந்தேன். கோலி போட்டா எழுதணுமே, அதனால போடல."

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். முப்பது வருடம் அடுத்தவன் வீட்டுக் கதவைத் திறந்து திறந்து பார்த்தவர். டீக்கு மசியாதவர். அடுத்த வினாடியே என் மேலும் கோபம் வந்தது. ஆறு வெள்ளிக்கிழமை அடித்தவள் யார்? மேலே ஒரு மாடி, கீழே ஒரு அக்கா, நடுவில் என் மாற்றம் இல்லை.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நோட்டைப் பின்னால் புரட்டினார். ஒவ்வொரு வாரமாக 'மாற்றம் இல்லை' என்பதன் மேல் கோடு போட்டு, பக்கத்தில் 'உடைந்தது, தெரிந்தும் எழுதவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆறு தடவை. தான் கண்ணாடி ஒட்டிய முதல் வாரத்தை மட்டும் அப்படியே விட்டார்.

"அண்ணே, உடைஞ்சதுன்னு மட்டும் எழுதுங்க. அந்த மிச்சம் எதுக்கு? ரிட்டயர் ஆகப் போற நேரத்துல," என்றேன்.

"தெரியாம எழுதலன்னா அக்கா பண்ணினதா ஆகிடும்மா." எழுதிக்கொண்டே சொன்னார். "நோட்டு என்னோடது."

பிறகு பையின் பின்னறையிலிருந்து சிவப்புத் தாளை உருவினார். அக்கா அதைப் பார்த்ததும் பெடலை மறுபடியும் மிதித்தார். "ஒட்டிக்கோ. நான் எந்திரிக்க மாட்டேன். நாப்பது சட்டை கொடுக்கணும். இன்னும் ஒண்ணே ஒண்ணு பாக்கி. வாக்குக் கொடுத்திருக்கேன்."

"ரெண்டு நாள் டைம் இருக்குக்கா, சட்டத்துல."

"ரெண்டு நாள் நிக்குமா இது? நீ சொல்லு. சட்டம் சொல்ல வேண்டாம், நீ சொல்லு."

அவர் விரிசலைப் பார்த்தார். தரையோரம் கோலி கிடந்த இடத்தைப் பார்த்தார்.

"நிக்காதுக்கா. இப்பவே கெளம்பணும்."

"எங்க?"

"என் ரூமுக்கு. ரெண்டு மாசம் அங்க. அப்புறம் தெரியாது."

அக்கா மெஷின் சக்கரத்தில் கைவைத்து நிறுத்தினார். அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. நாற்பதாவது சட்டையைக் கையில் எடுத்துத் தம்பியிடம் காட்டினார். "இந்தத் தையல் மட்டும் முடிச்சிடறேன். அஞ்சு நிமிஷம். குழந்தைங்க திங்கக்கிழமை போட்டுக்கணும்டா."

கண்ணாடிக்காரர் வெளியே வந்தார். சிவப்புத் தாளுக்குப் பசை தடவிக் கதவில் ஒட்டினார், நாலு மூலையையும் உள்ளங்கையால் நீவிவிட்டார். அப்பாவின் படத்தைக் கழற்றிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். பையையும் நோட்டையும் கொடுத்தார்.

"நீ போய் ரோட்டுக்கு நடுவுல நில்லும்மா. பால்கனிக்குக் கீழ நிக்காதே."

"நீங்க?"

உள்ளே போனார். நான் நடுரோட்டில் நின்றேன். ஒரு சைக்கிள்காரன் மணி அடித்தான், திட்டிவிட்டுப் போனான். கதவு முழுதாக மூடவில்லை, பாதியில் நிலையில் இடித்துக்கொண்டு நின்றது. அந்த இடைவெளி வழியாக உள்ளே தெரிந்தது.

முப்பது வருடமாக ஒரு பால்கனிக்குக் கீழ்கூட நடக்காத மனிதர், ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் விரிசலை ஒட்டி, மெஷினுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தார். மெஷின் ஓட ஆரம்பித்தது. துணி சுருங்காமல் வர, நீலச் சட்டையின் மறுமுனையை இரண்டு கையாலும் பிடித்துக் கொடுத்தார், அக்கா இழுக்க இழுக்க மெல்ல விட்டுக்கொண்டே.